ரூல்புக் வாங்க 250 வெள்ளி: எதை அச்சில், எதை பிடிஎஃப்பில்?

கேள்வி இதுதான். சுங்கை சிப்புட்டில் ஐந்து நண்பர்கள் சேர்ந்து டிஎன்டி, அதாவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், விளையாடத் தொடங்கப் போகிறார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையாக ஆடும் விளையாட்டு அது. இரண்டு பேர் படிவம் 5, மூன்று பேர் வேலைக்குப் போகிறவர்கள். தலைக்கு 50 வெள்ளி போட்டு 250 வெள்ளி சேர்த்திருக்கிறார்கள். ஒருவருக்கு வீடு தோட்டத்துக்குள்ளே. அங்கே லைன் கிடைப்பது நிச்சயமில்லை. இணையச் சந்தையில் டிஎன்டியின் முதன்மை விதிப்புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் ஒரு கடையில் 65 வெள்ளி, இன்னொரு கடையில் 230 வெள்ளி. பிடிஎஃப்பாக 5 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார் வேறொருவர். மூன்றில் எதை வாங்குவது?

தம்பி, மூன்றையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

5 வெள்ளி பிடிஎஃப் திருட்டுப் பிரதி. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. டிஎன்டியை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2009 ஏப்ரலில் தன் பிடிஎஃப் விற்பனை முழுவதையும் நிறுத்தியது. 2013 ஜனவரியில் மீண்டும் தொடங்கியபோது பழைய பதிப்புகள்தாம் விற்பனைக்கு வந்தன. 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கோ, 2024இல் திருத்தி வந்த புதிய ஹேண்ட்புக்கோ அதிகாரபூர்வ பிடிஎஃப்பாக விற்கப்படுவதில்லை. ஆகவே அந்தப் பெயரில் யார் பிடிஎஃப் விற்றாலும் அது ஸ்கேன் செய்தது, அல்லது இணையத்தளத்திலிருந்து உருவியது. ஸ்கேன் பிரதியில் எழுத்துத் தேடல் வேலை செய்யாது, பக்கம் சாய்ந்திருக்கும், அட்டவணையில் எண்கள் தெளிவாக இருக்காது. பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் டிரைவ் இணைப்பும் பல நேரம் சீக்கிரமே செத்துவிடும்.

65 வெள்ளிப் புத்தகம் கள்ள அச்சு. ஆங்கில ஹேண்ட்புக் கெட்டி அட்டையில், ஏ4 தாளை ஒட்டிய அளவில் மட்டுமே வந்திருக்கிறது. விற்பனைக் குறிப்பில் 'சாஃப்ட் கவர்', 'ஏ5 சைஸ்', 'ரீபிரிண்ட்' என்று எதைப் பார்த்தாலும் விலகிவிடுங்கள். இன்னும் ஒரு சோதனை பக்க எண்ணிக்கை. 2014 பதிப்பு 320 பக்கம், 2024 பதிப்பு 384 பக்கம். 2014 பதிப்பின் ஐஎஸ்பிஎன் 9780786965601. பின்னட்டையில் பார்கோடுக்கு அருகில் இருக்கும். பின்னட்டை, பதிப்புரிமைப் பக்கம், முதுகு மூன்றையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான சரக்கு வைத்திருப்பவருக்கு அது ஒரு நிமிட வேலை. கடைப் பக்கத்தில் இருக்கும் அதே விளம்பரப் படத்தையே திருப்பி அனுப்பினால் விட்டுவிடுங்கள்.

230 வெள்ளிப் புத்தகம் அசலாக இருக்க வாய்ப்புண்டு. 2024 ஹேண்ட்புக்கின் அட்டை விலை 49.99 அமெரிக்க டாலர். ஒரு டாலர் 4.20 வெள்ளி என்று வைத்தால் புத்தகம் மட்டும் 210 வெள்ளி ஆகிறது. அதற்கு மேல் அனுப்பு செலவு. விலை நியாயமானதே. ஆனால் அதை வாங்கினால் கையில் 20 வெள்ளிதான் மிஞ்சும். பகடை இல்லை, விளையாட ஒரு கதைத்தொகுப்பு இல்லை, அரக்கர்களின் விவரம் இல்லை. ஐந்து பேருக்கு நடுவில் ஒரே ஒரு புத்தகம் சுற்றிக்கொண்டிருக்கும். முதல் ஆட்டத்தில் அதில் ஐம்பது பக்கம்கூடத் திறக்கப்படாது. நல்ல புத்தகம்தான், உங்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லை, அவ்வளவுதான்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, டிஎன்டியின் அடிப்படை விதிகள் சட்டப்படியே இலவசம் என்பது. சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட், சுருக்கமாக எஸ்ஆர்டி, என்றொரு பிடிஎஃப் இருக்கிறது. முன்னூறு பக்கத்துக்கு மேல் வரும். அதன் 5.1 பதிப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற தாராளப் பயன்பாட்டு உரிமத்தில் வெளியிட்டார்கள். 2024 விதிகளை ஒட்டிய 5.2 பதிப்பு 2025 ஏப்ரலில் அதே உரிமத்தில் வந்தது. உங்களுக்கு 5.2 போதும். அதில் பன்னிரண்டு வகுப்புகளும், அதாவது போர்வீரர், மந்திரவாதி போன்ற பாத்திர வகைகளும், உண்டு. ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே ஒரு உட்பிரிவு. ஹேண்ட்புக்கில் நான்கு நான்காக 48 இருக்கும். பாத்திரத்துக்கான இனங்கள் ஒன்பது, ஹேண்ட்புக்கில் பத்து. பின்னணிகள் நான்கே, ஹேண்ட்புக்கில் பதினாறு. மந்திரங்கள், ஆயுதங்கள், சண்டை விதிகள், ஏராளமான அரக்கர்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் போன்று நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொண்ட சில அரக்கர்கள் மட்டும் இல்லை. புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு இந்தக் குறைகள் மாதக்கணக்கில் கண்ணில் படாது.

எஸ்ஆர்டியின் உண்மையான குறை, அது சொல்லித் தரும் புத்தகம் அல்ல என்பதுதான். எடுத்துக்காட்டுகள் குறைவு, ஓவியம் இல்லை, எங்கே தொடங்குவது என்று புதியவருக்குப் பிடிபடாது. அந்த இடத்தைப் புதியவர்களுக்கான ஸ்டார்ட்டர் பெட்டி நிரப்பும். 2022இல் வந்த டிராகன்ஸ் ஆஃப் ஸ்டார்ம்ரெக் ஐல் பெட்டியில் 32 பக்க விதிப்புத்தகம், 48 பக்கக் கதைத்தொகுப்பு, தயாராக எழுதிய ஐந்து பாத்திரங்கள், ஆறு பகடை இருக்கும். அட்டை விலை 19.99 டாலர், அதாவது ஏறக்குறைய 84 வெள்ளி. அனுப்பு செலவோடு 110 வெள்ளிக்குள் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். 2025 செப்டம்பரில் வந்த ஹீரோஸ் ஆஃப் த பார்டர்லேண்ட்ஸ் பெட்டி 2024 விதிகளை ஒட்டியது. ஆனால் விலை உங்கள் கணக்குக்கு அதிகம்.

பழைய பெட்டியை வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். அது 2014 விதிகளில் எழுதியது. பெட்டியோடு எஸ்ஆர்டி 5.2ஐயும் திறந்து வைத்தால் சில இடங்களில் இரண்டும் ஒத்துவராது. க்யூர் வூண்ட்ஸ் மந்திரம் 2014 விதியில் ஓர் எட்டுமுகப் பகடை அளவுக்குக் காயத்தை ஆற்றும். 2024 விதியில் இரண்டு பகடை. அரக்கன் எதிரே நிற்கும்போது இதைப் பற்றி விவாதம் தொடங்கினால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். பெட்டியின் கதை முடியும்வரை எஸ்ஆர்டி 5.1ஐயே பயன்படுத்துவது, அல்லது மந்திரம் என்றால் எப்போதும் 5.2தான் என்று முதல் நாளே முடிவெடுப்பது, இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். இரண்டையும் கலந்து, யாருக்கு எது சாதகமோ அதை எடுக்கும் பழக்கம்தான் குழுவைக் கெடுக்கும்.

அப்படியென்றால் 250 வெள்ளியை இப்படிப் பிரிப்பேன்: பெட்டிக்கு 110. ஏழு பகடை கொண்ட செட் மூன்று, செட் 15 வெள்ளி என்றால் 45. அச்செடுக்க 25. மீதி 70ஐத் தொடாமல் வையுங்கள். கதை முடிந்த பிறகு ஐந்து பேரும் இன்னும் வருகிறார்களா என்று பார்த்து, அதோடு கொஞ்சம் சேர்த்து ஹேண்ட்புக்கை அச்சிலேயே வாங்குங்கள். அப்போது எந்தப் பக்கங்கள் தேவை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அச்செடுப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். எஸ்ஆர்டி முழுவதையும் போட்டோஸ்டாட் கடையில் கொடுக்காதீர்கள். கறுப்பு வெள்ளையில் பக்கம் 20 சென் என்றாலும் 60 வெள்ளியைத் தாண்டும், பைண்டிங் தனி. 5.2ஐப் பயன்படுத்தினால், மேசையில் ஓயாமல் தேடப்படுவது ரூல்ஸ் குளோசரி என்ற பகுதி. மயக்கம், பார்வையின்மை, பிடிபடுதல் மாதிரியான நிலைகளும், தன் முறை வரும்போது ஒருவர் என்னென்ன செய்யலாம் என்பதும் அதில் அகர வரிசையில் இருக்கும். அதை இரண்டு பிரதி எடுங்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் அவரவர் வகுப்பின் பக்கங்கள் மட்டும். மந்திரம் போடுகிறவர்களுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த மந்திரங்களை மட்டும் தனித் தாளில் ஒட்டி எடுத்தால் போதும். மந்திரப் பகுதி முழுவதும் வேண்டாம். கேரக்டர் ஷீட், அதாவது பாத்திரத் தாள், ஆளுக்கு இரண்டு, ஒன்று அழித்து எழுதிக் கிழிந்துபோகும் என்பதால். எல்லாம் சேர்த்து 25 வெள்ளிக்குள் அடங்கும்.

கடையில் கொடுக்கும்போது தாள் அளவைச் சொல்லுங்கள். அமெரிக்கப் புத்தகங்கள் லெட்டர் அளவில் வடிவமைக்கப்பட்டவை. நம் கடைகளில் ஏ4. லெட்டர் ஏ4ஐவிட அகலம் கூடியது, உயரம் குறைந்தது. அப்படியே அடித்தால் ஓரத்தில் இருக்கும் பத்தியின் கடைசி எழுத்து வெட்டுப்படும். 'ஃபிட் டு பேஜ்' வைக்கச் சொன்னால் சரியாகும். பிடிஎஃப்பில் பக்கத்துக்குப் பின்னால் பழந்தாள் நிறப் படம் இருந்தால் கறுப்பு வெள்ளையில் அது சாம்பல் பூசியதுபோல் வரும், எழுத்து மங்கும். சில வெளியீட்டாளர்கள் 'பிரிண்டர் ஃப்ரெண்ட்லி' என்று படமில்லாத கோப்பைச் சேர்த்தே தருவார்கள். அதைக் கொண்டு போங்கள். வண்ணத்தில் அடிக்க ஆசைப்பட வேண்டாம். பக்கம் ஒரு வெள்ளி என்றால் 300 பக்கம் 300 வெள்ளி. அசல் புத்தகமே அதைவிட மலிவு.

சில போட்டோஸ்டாட் கடைக்காரர்கள் விலைக்கு வாங்கிய பிடிஎஃப்பைப் பார்த்தால் தயங்குவார்கள், அது சரிதான். அதிகாரபூர்வமாக வாங்கிய கோப்பில் பக்கத்தின் அடியில் பல நேரம் உங்கள் பெயரும் ஆர்டர் எண்ணும் பதிந்திருக்கும். பல கோப்புகளின் முதல் பக்கங்களில் 'சொந்தப் பயன்பாட்டுக்கு அச்செடுக்க அனுமதி உண்டு' என்ற வரியும் இருக்கும். அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். எஸ்ஆர்டிக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, உரிமம் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும்.

அந்த உரிமத்தில் இன்னொரு பெரிய வசதி உண்டு, நம்மவர்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. முதல் பக்கத்தில் கொடுத்திருக்கும் மூலக்குறிப்பு வாசகத்தைச் சேர்த்துவிட்டால் எஸ்ஆர்டியைத் தமிழாக்கலாம், அச்சிடலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். உங்கள் குழுவில் ஆங்கிலம் சரளமாக வராதவர் இருந்தால், அவருடைய வகுப்பின் இரண்டு பக்கத்தைத் தமிழில் எழுதி வைத்தால் போதும், ஆட்டத்தில் அவர் ஒதுங்கி உட்கார மாட்டார். தமிழ்ப்பள்ளி முடித்து வந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு எட்டாமல் இருப்பதற்கு மொழி ஒரு காரணம். அதை நீக்க சட்டமே வழி விட்டிருக்கிறது. யாராவது செய்ய வேண்டும் என்பது என் உண்மையான ஆசை.

இனி 'டிஜிட்டல்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் குழப்பத்துக்கு வருவோம். அதில் மூன்று வகை உண்டு, மூன்றும் ஒன்றல்ல. ஒன்று பிடிஎஃப், கோப்பு உங்கள் கைக்கு வந்துவிடும், இணையம் இல்லாமல் திறக்கும், கடையே மூடினாலும் உங்களிடம் இருக்கும். இரண்டாவது டிஎன்டி பியாண்ட் போன்ற தளத்தில் வாங்குவது; நீங்கள் வாங்குவது படிக்கும் உரிமையை மட்டுமே, கோப்பை அல்ல. மூன்றாவது ரோல்20 போன்ற இணைய மேசைக்கான பதிப்பு. வெவ்வேறு ஊரில் இருந்துகொண்டு விளையாடுவோருக்கானது. ஒரே ஹேண்ட்புக்கை இந்த இரண்டு தளங்களிலும் தனித்தனியாக வாங்க வேண்டியிருக்கும். அச்சுப் புத்தகத்தைக் கடையில் வாங்கினால் டிஎன்டி பியாண்டில் அது தானாகத் திறக்காது. பலர் உள்ளே ஏதோ கோட் இருக்கும் என்று நம்பி ஏமாறுகிறார்கள்.

டிஎன்டி பியாண்டில் 2024 ஹேண்ட்புக் 29.99 டாலர். பாத்திரம் உருவாக்குவது அதில் மிகச் சுலபம், கூட்டல் கழித்தலை அதுவே செய்யும். ஒருவர் வாங்கியதை மற்றவர்களோடு பகிரலாம். ஆனால் அதற்கு மாஸ்டர் டியர் சந்தா, மாதம் 5.99 டாலர், கட்ட வேண்டும். ஓராண்டு மாதாமாதம் கட்டினால் 72 டாலருக்கு வரும், அச்சுப் புத்தகத்தின் விலையைத் தாண்டும். தவிர, தளத்தில் இருப்பது எப்போது வேண்டுமானாலும் மாறலாம். 2024 ஆகஸ்டில் பழைய மந்திரங்களின் விவரத்தைப் புதிய விதிப்படி மாற்றப் போவதாக அறிவித்தார்கள். வாங்கியவர்கள் கொதித்தெழுந்த பிறகு பின்வாங்கினார்கள். அந்த முறை தப்பித்தோம். புத்தக அலமாரியில் இருப்பதை யாரும் இரவோடு இரவாக மாற்ற முடியாது. தோட்டத்து வீட்டில் லைன் போய்விட்டால் தளமும் போய்விடும்; செயலியில் முன்கூட்டியே இறக்கி வைத்தால்தான் படிக்கலாம். உங்கள் நிலைமையில் இலவசக் கணக்கு போதும். அதில் ஆறு பாத்திரம்வரை உருவாக்கலாம், பேசிக் ரூல்ஸ் படிக்கலாம். பாத்திரத் தாளை பிடிஎஃப்பாக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

டிஎன்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லையென்றால் பிடிஎஃப் உலகம் இன்னும் தாராளமானது. பாத்ஃபைண்டர் என்ற இதே வகை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதிகள் முழுவதும் ஆர்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் என்ற தளத்தில் வெளியீட்டாளர் பைசோவின் சம்மதத்துடன் இலவசமாக இருக்கின்றன. ஆனால் அது கனமான விதி. முதல் விளையாட்டாக எடுத்தால் மூச்சு முட்டும். பேசிக் ஃபேண்டசி என்ற விளையாட்டின் முழுப் புத்தகமும் இலவச பிடிஎஃப், அச்சுப் பிரதியையும் ஏறக்குறைய அச்சுக் கூலிக்கே விற்கிறார்கள். கெய்ர்ன் என்ற இன்னொரு விளையாட்டு மெல்லிய புத்தகம், விதிகளை ஒரே மாலையில் படித்து முடிக்கலாம், அதுவும் இலவசம். மவுஸ்ரிட்டர் என்ற விளையாட்டில் எல்லாரும் வாள் ஏந்திய எலிகள். அட்டையில் கொம்பு வைத்த பேயைப் பார்த்து 'இது என்னடா புத்தகம்' என்று வீட்டில் பாட்டி கேட்பார் என்றால், எலிகளில் தொடங்குங்கள். இந்தக் கடைசி இரண்டும் ஏ5 அளவில் இருப்பதால் கைப்பேசித் திரையில் பெரிதாக்கி நகர்த்தாமல் படிக்க முடிகிறது. இரண்டு பத்தி போட்ட லெட்டர் அளவுப் பக்கத்தைக் கைப்பேசியில் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. அதற்குப் பத்து அங்குல டேப்லெட்டாவது வேண்டும்.

ஏ5 கோப்பை 'புக்லெட்' முறையில் அச்செடுத்தால் ஒரு ஏ4 தாளில் நான்கு பக்கம் வரும். 32 பக்கத்துக்கு எட்டுத் தாள், இரு பக்கமும் சேர்த்து பதினாறு அச்சு, 20 சென் கணக்கில் 3 வெள்ளி 20 சென். நடுவில் மடித்து இரண்டு ஸ்டேப்ளர் அடித்தால் புத்தகம் தயார். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். இல்லையென்றால் கடைசியில் வெற்றுப் பக்கம் சேர்க்கச் சொல்லுங்கள். இருபக்க அச்சில் 'ஷார்ட் எட்ஜ்' என்று வைக்காவிட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும். முதலில் ஒரே ஒரு தாளை அடித்து, மடித்துப் பார்த்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்கள்.

பிடிஎஃப் வாங்க பெரிய கடை டிரைவ்த்ரூ ஆர்பிஜி. 2022இல் ரோல்20யோடு இணைந்தது. வாங்குவதற்கு முன் 'ப்ரிவியூ'வைத் திறந்து பாருங்கள்; பொருளடக்கம், எழுத்தளவு, வடிவமைப்பு தெரிந்துவிடும். 'பே வாட் யூ வாண்ட்' என்று போட்டிருந்தால் சுழியம் போட்டும் எடுக்கலாம்; பிடித்திருந்தால் பிறகு போய் விலை கொடுங்கள், எழுதியவர்கள் பெரும்பாலும் தனியாட்கள். மார்ச்சில் ஜிஎம்ஸ் டே, ஜூலையில் 'கிறிஸ்மஸ் இன் ஜூலை' என்று பெரிய தள்ளுபடிகள் வரும். அவசரமில்லாததை விஷ்லிஸ்டில் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். திருத்தம் வந்தால் புதிய கோப்பை அதே கணக்கில் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். அச்சுப் புத்தகத்தில் அது முடியாது, திருத்தப் பட்டியலைத் தாளில் எழுதி உள்ளே செருக வேண்டியதுதான்.

இரண்டும் வேண்டும் என்பவர்கள் எந்த வெளியீட்டாளர் சேர்த்துத் தருகிறார் என்று பார்க்க வேண்டும். கால் ஆஃப் கத்துலு என்ற விளையாட்டை வெளியிடும் கேயாசியம், தன் தளத்தில் அச்சுப் புத்தகம் வாங்கினால் பிடிஎஃப்பை இலவசமாகத் தருகிறது. முதலில் பிடிஎஃப் வாங்கிப் பிடித்துப்போனால், பின்னால் அச்சு வாங்கும்போது அந்தத் தொகையைக் கழித்துக்கொள்கிறது. அந்த விளையாட்டின் குயிக் ஸ்டார்ட் விதிகள் இலவசம். பிட்ஸ் அண்ட் மோர்ட்டார் என்றொரு ஏற்பாடும் உண்டு. அதில் சேர்ந்த வெளியீட்டாளரின் புத்தகத்தை, அதில் சேர்ந்த கடையில் வாங்கினால் பிடிஎஃப் இலவசம். வாங்கும்போதே கடைக்காரரிடம் கேளுங்கள். வாரம் கழித்து ரசீது இல்லாமல் போய் நின்றால் கிடைக்காது.

பணம் கட்டும் விஷயத்தில், படிவம் 5 தம்பிகளுக்கு அட்டை இருக்காது. வேலைக்குப் போகும் மூவரில் ஒருவரே எல்லாவற்றையும் தம் கணக்கில் வாங்கட்டும். மின்னஞ்சல் கம்பெனியினுடையதாக இல்லாமல் சொந்தமானதாக இருக்கட்டும், வேலை மாறினால் நூலகமே போய்விடும். டச் அண்ட் கோ வாலட்டின் விசா அட்டையும் வெளிநாட்டுத் தளங்களில் செல்லும். பேபால் வழி கட்டினால், தொகையை வெள்ளியில் காட்டும் இடத்தில் அது தன் சொந்த மாற்று விகிதத்தைப் போட்டிருக்கும். டாலரிலேயே கட்டு, மாற்றத்தை என் அட்டை செய்யட்டும் என்ற தேர்வு அதே பக்கத்தில் உண்டு, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

வரியையும் கணக்கில் சேருங்கள். வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி நடைமுறையில் இருக்கிறது. நம் சுங்கத்துறையிடம் பதிவு செய்த விற்பனையாளர் பணம் கட்டும் பக்கத்திலேயே சேர்த்துவிடுவார். டிஜிட்டல் சேவைக்கான வரி 2020இல் 6 விழுக்காடாகத் தொடங்கி, 2024 மார்ச் 1 முதல் 8 ஆனது. எனவே தளத்தில் முதலில் தெரியும் விலையை வைத்து நண்பர்களிடம் பணம் வசூலிக்காதீர்கள். கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகைதான் கணக்கு. பல புத்தகங்களைச் சேர்த்து வாங்கி 500 வெள்ளியைத் தாண்டினால் பார்சல் வேறு சுங்க நடைமுறைக்குள் போகும், தாமதமும் கூரியர் கையாளும் கட்டணமும் வரலாம்.

ஹேண்ட்புக் ஒரு கிலோவுக்கு மேல் எடை. அமெரிக்காவிலிருந்து ஒரு புத்தகம் தனியாக வரவழைத்தால் அனுப்பு செலவு புத்தகத்தோடு போட்டி போடும். உள்நாட்டில் சரக்கு வைத்திருக்கும் கடையைத் தேடுங்கள். யாராவது கோலாலம்பூர் போகிறார்கள் என்றால் கேஎல்சிசி கினோகுனியாவின் தளத்தில் கையிருப்பைப் பார்த்துவிட்டு வாங்கிவரச் சொல்லலாம். பிரிண்ட் ஆன் டிமாண்ட் புத்தகம் என்றால், ஆர்டர் போட்ட பிறகுதான் வெளிநாட்டில் அச்சாகும். கையில் வர வாரக்கணக்கில் ஆகும். அதில் 'ஸ்டாண்டர்ட்' வண்ணத்தில் தாள் மெல்லியது, நிறம் சற்று வெளிறும். படம் முக்கியமான புத்தகத்துக்கு மட்டும் 'பிரீமியம்' எடுங்கள்.

முகவரியில் கவனம். தோட்ட முகவரி கொடுத்தால் பார்சல் தோட்ட ஆபீசில் கிராணி மேசையில் கிடக்கும், அல்லது ஆளில்லை என்று திரும்பிப் போகும். பட்டணத்தில் பகலில் ஆள் இருக்கும் கடை முகவரியைக் கொடுங்கள், கடைக்காரர் பெயரையும் சேர்த்து. 31100 என்ற அஞ்சல் எண்ணோடு 'சுங்கை சிப்புட் உத்தாரா, பேராக்' என்று முழுமையாக எழுதுங்கள். தொலைபேசி எண்ணை +60 போட்டு, முன்னால் உள்ள சுழியத்தை எடுத்துவிட்டு எழுதுங்கள். இல்லையென்றால் கூரியர்காரர் அழைப்பு உங்களுக்கு வராது.

பார்சலைப் பிரிக்கும்போது கைப்பேசியில் காணொளி எடுங்கள், பெட்டியின் ஆறு பக்கமும் தெரியும்படி. பபிள் உறையில் மட்டும் வந்த கெட்டி அட்டைப் புத்தகத்துக்கு மூலை நசுங்குவது சர்வசாதாரணம். வாங்கும்போதே அட்டைப்பெட்டியில் போடச் சொல்லிக் கேளுங்கள். பக்கங்கள் முழுவதையும் ஒருமுறை புரட்டுங்கள். பதினாறு, முப்பத்திரண்டு என்று கட்டாகச் சேர்த்துத் தைப்பதால், தவறு நேர்ந்தால் ஒரு கட்டே விடுபட்டிருக்கும் அல்லது இருமுறை வந்திருக்கும். அதைப் பார்த்து முடிக்கும்வரை 'பொருள் கிடைத்தது' பொத்தானை அழுத்தாதீர்கள்.

புதுப் புத்தகத்தை நடுவில் படாரென்று விரிக்க வேண்டாம். முதுகை மேசையில் வைத்து, இரண்டு அட்டைகளையும் இருபுறம் சாய்த்து, முன்னால் பத்து பக்கம், பின்னால் பத்து பக்கம் என்று மாறி மாறி விரலால் நீவிக்கொண்டே நடுப்பக்கத்துக்கு வாருங்கள். ஒட்டு விடாது, மேசையில் தட்டையாகப் படுக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் பளபளப்புத் தாள் அலை அலையாக வளையும், பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சி பசையைத் தேடி வரும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். சிமெண்டுச் சுவரை ஒட்டாத அலமாரியில் நிற்க வைத்து, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். ஆட்டத்தன்று தேத்தண்ணீர்க் குவளைக்கு வேறு மேசை.

தோட்டத்து நண்பருக்கு ஒரே வேலைதான்: பட்டணத்துக்கு வரும்போது எஸ்ஆர்டியையும் தம் பாத்திரத் தாளையும் வைஃபையில் இறக்கி, கைப்பேசியை ஏரோப்ளேன் மோடில் போட்டு, இரண்டும் திறக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். இறக்கியதாக நினைத்தது வெறும் இணைப்பாக இருப்பது, லயத்து வீட்டுக்குப் போன பிறகு தெரிந்தால் பயனில்லை. பெரிய படங்கள் உள்ள பிடிஎஃப் 100, 200 எம்பி வரை போகும், பழைய கைப்பேசி திணறும். அவருக்கு அச்செடுத்த தாள்களில் முதல் கட்டைக் கொடுத்துவிடுங்கள். கோப்புகளின் ஒரு பிரதி பென்டிரைவில் இருக்கட்டும், வாங்கியவரின் கைப்பேசியில் மட்டும் வைக்க வேண்டாம்.